ஈ அறையைப் பூட்டாதீர்கள்: விலங்கியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இளநிலை விலங்கியல் செய்முறைப் பாடங்களிலிருந்து பழ ஈ வளர்ப்பையும் கலப்புச் சோதனையையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கணினித் திரையில் பார்த்துப் பழகும் ஒரு பயிற்சியை வைக்கலாம் என்று உங்கள் வரைவு சொல்கிறது. இன்னும் பணியில் இருக்கும் என் பழைய மாணவர்கள் இருவர் அதைப் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். நீக்குவதற்கான காரணம் ஒன்றரை வரியில் இருந்தது: செலவு, துர்நாற்றம், தற்காலப் பயன்பாடு இன்மை. முதல் இரண்டையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். மூன்றாவதைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. 31 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவள் என்பது அதற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணம் என் அம்மா.

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அம்மா பீடி சுற்றிச் சேர்த்த கூலியில்தான் நான் முதுகலை வரை படித்தேன். அவருக்கு 74 வயதானபோது மறதி தொடங்கியது. கடையில் கொடுத்த கட்டுகளின் கணக்கு முதலில் தவறியது, பிறகு உலையில் அரிசி போட்டாயிற்றா என்பது தவறியது, அதன் பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி இரண்டு ஆண்டுகளில் அவர் திண்ணையில் உட்கார்ந்து, சேலை முந்தானையின் ஓரத்தை இடது கை விரல்களில் விரித்துப் பிடித்து, வலது கட்டைவிரலால் உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, இல்லாத நூலைச் சுற்றி, இல்லாத சுளகில் வைத்துக்கொண்டிருப்பார். பிழையே இருக்காது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நிமிர்ந்து பார்த்து, "டீச்சரம்மா, எத்தனை கட்டு முடிஞ்சிருக்குன்னு கொஞ்சம் எண்ணிச் சொல்லுதியளா?" என்று கேட்பார். பிறந்த நாளிலிருந்து என்னை "ஏட்டி" என்றே அழைத்த வாய் அது. அந்த மரியாதைச் சொல்லைப் போல என்னை வருத்தியது வேறொன்றும் இல்லை.

மூளையில் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியும் அதை ஒட்டிய பகுதிகளும் அல்சைமர் எனப்படும் இந்த மறதி நோயில் முதலில் அடிபடுகின்றன என்பதும், கை பழகிய தொழில் வேறு பகுதிகளில் பதிந்திருப்பதால் நெடுநாள் தப்பி நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். தெரிந்திருந்ததால் வீட்டில் எந்த ஆறுதலும் கிடைத்துவிடவில்லை. ஆனால் வேறோர் இடத்தில் அந்தப் படிப்பு தேவைப்பட்டது. என் தம்பி மகளுக்கு வரன் பேச வந்தவர்கள், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளையோட ஆச்சிக்குப் புத்தி மறந்துபோச்சாம்லா, அது வழிவழியா இறங்குமோ?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் ஊர்களில் அது நியாயமான பயம்தான். மரபியல் கற்பித்த நான் அதற்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று என்பதுதான் உண்மை.

நான் சொன்ன பதிலின் சுருக்கம் இது. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோது, இறந்த ஒரு பெண்ணின் மூளையில் இரண்டு வேறுபாடுகளைக் கண்டார். செல்களுக்கு வெளியே படிந்திருந்த திட்டுகள் ஒன்று, செல்களுக்குள்ளே முறுக்கிக் கிடந்த நூல் முடிச்சுகள் மற்றொன்று. திட்டுகள் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துண்டால் ஆனவை என்பதும், முடிச்சுகள் டவ் என்ற புரதத்தால் ஆனவை என்பதும் 1980களில்தான் தெளிவாயின. அமிலாய்டுக்கு மூலமான ஏபிபி மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் மூன்று பிரதிகளாக அமைந்த டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு நடு வயதிலேயே இந்த நோய் வருவது அதனால்தான். ஏபிபி மரபணுவிலோ பிரிசெனிலின் மரபணுக்கள் இரண்டில் ஒன்றிலோ மாற்றம் ஏற்பட்டுத் தலைமுறை தலைமுறையாக இறங்கும் வகை, நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடும். என் அம்மாவுக்கு வந்ததைப் போல முதுமையில் வருவதில் எந்த ஒற்றை மரபணுவும் தீர்ப்பு எழுதுவதில்லை. ஏபிஓஇ மரபணுவின் 4ஆம் வகை ஒரு பிரதி இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது, இரண்டு இருந்தால் இன்னும் கூடுகிறது. ஆனால் இந்தக் கணக்கு மக்களுக்கு மக்கள் மாறும். அந்த வகை இருந்தும் தெளிவான நினைவோடு முதுமையைக் கழிப்பவர்களும் உண்டு, இல்லாமலே நோய் வருபவர்களும் உண்டு. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, மனித மரபணுத் தொகுதியில் இந்த நோயோடு தொடர்புடைய 75 இடங்களைக் குறித்தது. அவற்றில் பெரும்பாலானவை தனித்தனியே வாய்ப்பை மிகச் சிறிதளவே கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

இந்த 75 இடங்கள் என்ற செய்தியிலிருந்துதான் ஈயின் வேலை தொடங்குகிறது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுக்களை நோயற்றவர்களுடையவற்றோடு ஒப்பிடும் இத்தகைய ஆய்வு, களவுப்பொருள் எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்லும், எந்த வீட்டில் என்று சொல்லாது. ஒரே இடத்தில் நான்கைந்து மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கலாம். அவற்றில் எது நரம்புச் செல்லைக் கெடுக்கிறது, எது பக்கத்தில் குடியிருந்ததால் மாட்டிக்கொண்டது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். மனிதரில் அது முடியாது. எலியில் முடியும், ஆனால் ஒரு மரபணுவுக்கே ஆண்டுக்கணக்கில் நாளும் பெரும் செலவும் ஆகும். பழ ஈ 25 பாகை வெப்பத்தில் பத்தே நாளில் முட்டையிலிருந்து முழு ஈயாகிறது, இரண்டு மூன்று மாதங்களில் கிழடாகிச் சாகிறது. முதுமையில் வரும் நோயை ஆராய, விரைவில் முதுமையடையும் உயிர் ஒன்று கையில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இடையில் ஒரு தெளிவு. நம் மாம்பழ, கொய்யா விவசாயிகள் பழ ஈ என்று திட்டுவது வேறு ஈ. அது காயைத் துளைத்து உள்ளே முட்டையிடும் பெரிய ஈ. நான் பேசுவது ட்ரோசோபிலா என்ற, மூன்று மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத, பதநீர்ப் பானையின் விளிம்பிலும் கனிந்து கருத்த வாழைப்பழத்தின் மேலும் மொய்க்கும் சிவப்புக் கண் ஈயை. ஊரில் இதை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, கையால் விசிறி விடுவதோடு சரி.

இந்த ஈக்கு நான்கே சோடிக் குரோமோசோம்கள், ஏறத்தாழ 14,000 மரபணுக்கள். 2000ஆம் ஆண்டில் இதன் மரபணுத் தொகுதி ஏறத்தாழ முழுவதும் படிக்கப்பட்டது. மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு ஈயிலும் இணை இருக்கிறது. மனித ஏபிபிக்கு இணையான மரபணுவை நீக்கிய ஈக்கள் பிழைக்கின்றன, ஆனால் அவற்றின் நடத்தையில் குறை தென்படுகிறது. மனித ஏபிபி மரபணுவை உள்ளே வைத்தபோது அந்தக் குறை ஓரளவு நீங்கியது என்று 1992இல் கண்டார்கள். ஈக்கும் நமக்கும் பொது மூதாதை வாழ்ந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒன்றின் பொருள் மற்றொன்றின் உடலில் வேலை செய்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி வரிசையில் தூங்குபவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள்.

இந்தத் துறையின் அடிப்படைக் கருவியை ஆண்ட்ரியா பிராண்ட், நார்பர்ட் பெரிமான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1993இல் அளித்தார்கள். நம் தாமிரபரணிக் கால்வாய்களைக் கொண்டே அதை விளக்கிவிடலாம். ஒரு வகை ஈயிடம் மடையின் சாவி இருக்கிறது. கண்ணில் மட்டும் செல்லும் சாவி, நரம்புச் செல்லில் மட்டும் செல்லும் சாவி என்று அதில் பல வகை. மற்றொரு வகை ஈயிடம் பூட்டிய மடையும், அதற்குப் பின்னால் மனித டவ் அல்லது அமிலாய்டு மரபணுவும் இருக்கின்றன. தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் நலமாக இருக்கும். இரண்டையும் கலந்தால் பிறக்கும் பிள்ளைகளில்தான் மடை திறக்கும், அதுவும் நாம் குறித்த இடத்தில் மட்டும். மனித டவ் ஈயின் கண்ணில் இவ்வாறு திறந்துவிடப்பட்டால் என்ன ஆகிறது என்பதை நுண்நோக்கியில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நல்ல ஈயின் கண், ஏறத்தாழ 800 சிறு கண்கள் இம்மியும் பிசகாமல் வரிசை கட்டியது, பத்தமடைப் பாயைப் போல. டவ் திறந்த கண்ணில் வரிசை குலைந்து, சில ஒட்டிக்கொண்டு, சில சரிந்து, சொரசொரப்பாகக் கிடக்கும். இப்போது அதே ஈயில், ஐயத்துக்குரிய வேறொரு மரபணுவைக் குறைத்துப் பாருங்கள். கண் தேறினாலோ இன்னும் கெட்டாலோ அந்த மரபணு டவ்வோடு ஏதோ ஒரு வழியில் உறவாடுகிறது என்பதற்குக் குறிப்புக் கிடைத்துவிட்டது. களவுபோன தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவது என்பது இதுதான்.

இந்த முறையில் கிடைத்தவை சிறியவை அல்ல. 2001இல் மனித டவ்வை ஈயின் நரம்புச் செல்களில் இயக்கிப் பார்த்த ஆய்வாளர்கள், ஈ வயதாக ஆகச் செல்கள் சிதைவதையும் ஆயுள் குறைவதையும் கண்டார்கள். ஆனால் அல்சைமர் கண்ட அந்த நூல் முடிச்சுகள் அங்கே இல்லை. முடிச்சு விழுந்துதான் செல் சாகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களை, முடிச்சு விழும் முன்பே டவ் நஞ்சாக முடியுமா என்ற கேள்வியை நோக்கித் திருப்பியதில் அந்தச் சின்ன ஈக்கும் பங்கு உண்டு. 2004இல் அமிலாய்டு பீட்டாவின் நீளமான வடிவத்தை ஈயின் மூளையில் இயக்கியபோது திட்டுகள் படிந்தன, செல்கள் சிதைந்தன, ஈக்கள் கற்றதை மறந்தன. இரண்டே அமினோ அமிலங்கள் குறைந்த குட்டை வடிவம் கற்றலைக் கெடுத்தது, ஆனால் திட்டாகப் படியவில்லை.

ஈ மறந்துவிட்டது என்பதை எப்படி அறிவது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அமெரிக்க அறிவியலாளர் சைமூர் பென்சரின் ஆய்வகத்தில் 1974இலேயே அதற்கு வழி கண்டுவிட்டார்கள். ஒரு மணத்தோடு சிறு மின்னதிர்ச்சி கொடுத்தால் ஈ அந்த மணத்தை ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது. அதைக் கற்க முடியாத ஈ வகைக்கு "டன்ஸ்" என்று பெயரிட்டார்கள், நம் மொழியில் மக்கு. நம் நாட்டில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இதே ஈயின் மணத்தையும் சுவையையும் ஆராய்ந்து ஒரு மரபையே உருவாக்கினார்கள். 2024இல் முழு வளர்ச்சி பெற்ற ஈயின் மூளையில் உள்ள 1,39,255 நரம்புச் செல்களும், அவற்றுக்கு இடையே ஐந்து கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளும் வரைபடமாக வெளிவந்தன. தற்காலப் பயன்பாடு இன்மை என்று எழுதிய உறுப்பினர் எந்தக் காலத்தைச் சொல்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

ஈயை நான் தூக்கிப் பிடிப்பதாக நீங்கள் எண்ணிவிடக் கூடாது. ஈக்கு ஏபிஓஇ மரபணு கிடையாது, மனித வடிவத்தை உள்ளே வைத்துத்தான் ஆராய வேண்டும். நம் மூளையில் துப்புரவும் காவலும் பார்க்கும் மைக்ரோகிளியா செல்கள் ஈயிடம் இல்லை, அல்சைமர் ஆபத்து மரபணுக்களில் பல அந்தச் செல்களில்தான் இயங்குகின்றன. அதன் இரத்த ஓட்டம் நம்முடையதைப் போன்றது அன்று. ஈயில் பலித்த மருந்து மனிதரில் பலிக்காமல் போவது வழக்கம். ஈ பதில் சொல்வதில்லை, எந்தக் கேள்வியை எலியிலும் மனிதச் செல்களிலும் கேட்பது பயன்தரும் என்று சலித்துத் தருகிறது. சல்லடையின் வேலை அவ்வளவுதான், ஆனால் சல்லடை இல்லாமல் மாவு இல்லை.

உங்கள் வரைவோடு இதற்கென்ன தொடர்பு என்று கேட்கலாம். நான் மேலே சொன்ன ஆய்வுகள் அனைத்துக்கும் அடியில் இருக்கும் கைவேலை, நம் இரண்டாமாண்டு மாணவி செய்யும் அதே கைவேலைதான். ஈயை மயக்கி, வெள்ளை ஓட்டின் மேல் கொட்டி, மெல்லிய தூரிகையால் தள்ளித் தள்ளி, வயிற்றின் நுனி கருத்தவை ஆண், கூர்மையாக வெளுத்தவை பெண் என்று பிரிக்க வேண்டும். கலப்புக்கு எடுக்கும் பெண் ஈ ஆணைச் சேராததாக இருக்க வேண்டும் என்பதால், கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள் அதைப் பிடிக்க வேண்டும். புதிதாக வந்த ஈ வெளிறியிருக்கும், வயிற்றின் வழியாகக் கரும்பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கக் கண் பழக இரண்டு வாரமாகும். தவறிப்போன ஒரே ஒரு பெண் ஈ ஒரு மாதக் கணக்கைப் பாழாக்கிவிடும் என்பதை, பாழான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் மாணவர் உணர்கிறார். திரையில் இருக்கும் ஈ, மெண்டலின் விதி சொல்லும் 3:1 விகிதத்தைத் தவறாமல் தரும். புட்டியில் இருக்கும் ஈ 3:1 தராத நாளில்தான் மரபியல் தொடங்குகிறது. கை பழகிய வேலை மற்றவையெல்லாம் போன பிறகும் நிற்கும் என்பதை நான் எங்கள் திண்ணையில் பார்த்தவள்.

செலவுக்கு வருகிறேன். நுண்நோக்கி எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. உணவு என்பது ரவை, அகர், ஈஸ்ட், கொஞ்சம் புரோப்பியானிக் அமிலம், வெல்லம். நாங்கள் வெல்லத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட்டோம், ஈக்கள் முறையிடவில்லை. புட்டிகளுக்கு மாணவர்கள் வீட்டிலிருந்து ஹார்லிக்ஸ் புட்டி கொண்டுவந்தார்கள், மூடிக்குப் பஞ்சு. ஒரு பருவத்துக்கான செலவு ஆசிரியர் அறையின் தேநீர்ச் செலவை எட்டியதில்லை. துர்நாற்றம் ஈயினுடையது அன்று, கழுவாமல் விட்ட புட்டியினுடையது. ஈதர் மணம் பிடிக்காதவர்கள் புட்டியை ஐஸ் கட்டிமேல் வைத்தே ஈக்களை மயக்கலாம்.

உண்மையான இடர் ஒன்று இருக்கிறது, வரைவில் அது இல்லை. அது நம் வெயில். 30 பாகையைத் தாண்டிய சூட்டிலேயே வளரும் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். ஒரு சித்திரையில் மூன்று நாள் மின்சாரம் போய், வளர்ப்புப் பெட்டி அடுப்பாகி, புட்டிகளில் ஈ இருந்தும் புழு இல்லாமல் போயிற்று. அதன் பிறகு, ஒரு மண்பானைக்குள் இன்னொரு மண்பானையை இறக்கி, இடையில் ஆற்று மணலைக் கொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி அதில் சில புட்டிகளை வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினோம். (அப்போது ஆற்றில் மணல் இருந்தது.) பெட்டிக்கு அது ஈடாகாது, ஆனால் வித்து அழியாமல் காத்தது. நான் ஓய்வுபெற்ற ஆண்டே அந்த ஈ அறை பழைய மேசைகள் போடும் அறையாகிவிட்டது. எந்தக் கல்லூரி என்பது இங்கே முக்கியமில்லை, ஏனெனில் அது ஒரு கல்லூரியின் கதையாக மட்டும் இல்லை.

நான் கேட்பவை பெரியவை அல்ல. செய்முறையை நீக்காதீர்கள், காலத்துக்கேற்ப மாற்றுங்கள். கண் நிறத்தையும் இறக்கை வடிவத்தையும் கொண்ட பழைய கலப்புகளோடு, முதுமையை அளக்கும் ஒரு சோதனையைச் சேருங்கள். ஒரே நாளில் பிறந்த இருபது ஈக்களைக் குழாயில் இட்டு, தட்டிக் கீழே விழச்செய்து, பத்து வினாடியில் எத்தனை ஈக்கள் எட்டு சென்டிமீட்டர்க் கோட்டைத் தாண்டி ஏறுகின்றன என்று வாரந்தோறும் எண்ணினால் போதும். அல்சைமர் ஆய்வகங்களிலும் ஈயின் நலிவை இப்படித்தான் அளக்கிறார்கள். இளம் ஈக்கள் சரசரவென்று ஏறுவதும் ஆறாவது வாரத்தில் அதே ஈக்கள் பாதியில் நின்று தடுமாறுவதும் எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாக முதுமையைக் காட்டும். இதற்கு வேண்டிய சாதாரண வகை ஈக்களும் மாற்ற வகை ஈக்களும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ட்ரோசோபிலா சேமிப்பு மையத்தில் இருக்கின்றன. மனித மரபணு புகுத்திய ஈக்களைக் கையாள உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதால், அதை முதுகலையோடு நிறுத்திக்கொண்டு, மாவட்டத்துக்கு ஒரு பொது ஈ அறை அமைத்துப் பல கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளட்டும். நோயையும் மரபையும் பற்றி ஒரு வகுப்பாவது ஒதுக்குங்கள், வரன் பேச வருபவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லத் தெரிந்த பட்டதாரிகள் இந்தச் சீமைக்குத் தேவைப்படுகிறார்கள். 2023இல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய்கள் இருக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரங்களைவிட நாட்டுப்புறங்களிலும் அதிகம்.

உங்கள் குழு மீண்டும் கூடும்போது என்னை அழைத்தால் வருகிறேன். அழைக்காவிட்டாலும், வித்துக்கு ஈ வேண்டும் என்று எந்தக் கல்லூரியிலிருந்து யார் வந்தாலும் தருகிறேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில், பானைக்குள் பானையில், நான்கு புட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வருபவர்கள் கழுவிய புட்டியும் பஞ்சும் கொண்டுவர வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை